பச்சை விளக்கும் டெய்சியும்: ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் குறியீடும் இலட்சியக் காதலும்

இலக்கியத்தில் குறியீடு என்றால் என்ன என்று புதிய வாசகர் ஒருவர் கேட்டால், எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு எழுதி 1925-இல் வெளிவந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலில் வரும் பச்சை விளக்கை எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஆசிரியர்கள் பலர். நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் வகுப்பறைக்குள் வரும்போது அந்த விளக்கு ஓர் அட்டவணையின் ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது: பச்சை என்றால் நம்பிக்கை, மஞ்சள் என்றால் பணம், சாம்பல் என்றால் சீரழிவு. தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண் பெற இது போதும். நாவலுக்குள் நுழைய இது தடையாகவே நிற்கும். இந்த நாவலில் குறியீடு ஒரு பாடமாகவும் காதல் இன்னொரு பாடமாகவும் பிரிந்து கிடக்கவில்லை. ஒரு பெண்ணைக் குறியீடாக மாற்றிக்கொண்டு அந்தக் குறியீட்டையே காதலிக்கும் ஒருவனின் கதை இது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் விளக்கும் விளங்கும், காதலும் விளங்கும்.

கதை 1922-ஆம் ஆண்டுக் கோடையில், நியூயார்க் நகருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் லாங் ஐலண்டில் நடக்கிறது. ஒரு சிறு விரிகுடாவின் இரு கரைகளிலும் எதிரெதிராக இரண்டு குடியிருப்புகள். பரம்பரைப் பணக்காரர்கள் வாழ்வது ஈஸ்ட் எக். புதிதாகப் பணம் சேர்த்தவர்கள் வாழ்வது வெஸ்ட் எக். பெயர்கள் கற்பனை என்றாலும், ஃபிட்ஸ்ஜெரால்டு 1922 முதல் 1924 வரை குடியிருந்த கிரேட் நெக்கும் அதன் எதிர்க்கரையும்தான் அவற்றின் முன்மாதிரிகள். கதையைச் சொல்பவன் நிக் கேரவே. கடன்பத்திர வணிகம் கற்றுக்கொள்வதற்காக மத்திய மேற்குப் பகுதியிலிருந்து வந்து, வெஸ்ட் எக்கில் மாதம் 80 டாலர் வாடகைக்கு ஒரு சிறு வீட்டில் தங்கியிருக்கிறான். பக்கத்து மாளிகையில் இருப்பவன் ஜே கேட்ஸ்பி. மதுவிலக்கு அமெரிக்கா முழுவதும் நடைமுறையில் இருந்த அக்காலத்தில், கள்ளச்சாராயம் உள்ளிட்ட இருட்டு வணிகங்களில் பணம் குவித்தவன் அவன். எதிர்க்கரையில் தன் கணவன் டாம் புக்கானனோடு வாழும் டெய்சி, நிக்கின் தூரத்து உறவுக்காரி. ஐந்தாண்டுகளுக்கு முன் கேட்ஸ்பி காதலித்த பெண்ணும் அவளே. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்பதற்காகவே அவன் இந்த மாளிகையை வாங்கியிருக்கிறான் என்பதும், என்றைக்காவது ஒரு நாள் அவள் தற்செயலாக வந்து சேர மாட்டாளா என்ற ஏக்கத்தில்தான் அத்தனை பெரிய விருந்துகளை நடத்துகிறான் என்பதும் நமக்குப் பின்னால்தான் தெரிய வருகின்றன.

இனி குறியீடு என்ற கருத்துக்கு வருவோம். சாலைச் சந்திப்பில் எரியும் பச்சை விளக்கு ‘போகலாம்’ என்ற ஒரே பொருளைத் தருகிறது; யார் பார்த்தாலும், எப்போது பார்த்தாலும் அதே பொருள்தான். அதை அடையாளம் என்போம். குறியீடு அப்படிப்பட்டதன்று. அது முதலில் கதைக்குள் இருக்கும் ஓர் உண்மையான பொருள். அதற்கென ஓர் இடமும் பயனும் உண்டு. கதை நகர நகர, ஒரு பாத்திரத்தின் ஆசையோ அச்சமோ நினைவோ அதன் மேல் படிந்து, அந்தப் பொருள் தன் இயல்பான பயனைத் தாண்டிய ஒரு கனத்தைப் பெறுகிறது. அந்தக் கனமும் நிலையானதன்று. அதே பொருள் மறுபடி தோன்றும்போது கூடியிருக்கலாம், குறைந்திருக்கலாம், வேறொன்றாக மாறியும் இருக்கலாம். ஆகவே ‘இது எதைக் குறிக்கிறது’ என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு நகர்வதைவிட, ‘இதை இப்போது யார் பார்க்கிறார், அவருக்கு என்ன வேண்டியிருக்கிறது, சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் இடையில் என்ன மாறியது’ என்று ஒவ்வொரு முறையும் கேட்பதே குறியீட்டை வாசிக்கும் முறை.

பச்சை விளக்கில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். முதல் அத்தியாயத்தின் முடிவில், டெய்சியின் வீட்டில் இரவு உணவு உண்டு திரும்பிய நிக், தன் அண்டை வீட்டுக்காரன் இருட்டில் தனியாக நிற்பதைப் பார்க்கிறான். கேட்ஸ்பி தன் இரு கைகளையும் இருண்ட நீரை நோக்கி நீட்டுகிறான். அவன் உடல் நடுங்குவதை நிக்கால் அத்தனை தொலைவிலிருந்தும் உணர முடிகிறது. எதைப் பார்த்து இப்படி நிற்கிறான் என்று அத்திசையில் நோக்கினால், தொலைவில் ஏதோ ஒரு படகுத்துறையின் நுனியில் எரியும் ஒரு சின்னஞ்சிறு பச்சை விளக்கைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. இந்த இடத்தில் நாவல் நமக்கு எந்த விளக்கமும் தருவதில்லை. அது டெய்சி வீட்டுப் படகுத்துறை என்பதுகூட அப்போது நமக்குத் தெரியாது. கை நீட்டல், நடுக்கம், நடுவில் நீர், எட்டாத் தொலைவு ஆகியவை மட்டுமே தரப்படுகின்றன. குறியீட்டின் பொருளைச் சொல்லாமல், அதன் மீதுள்ள ஏக்கத்தை மட்டும் முதலில் காட்டிவிடுகிறார் ஃபிட்ஸ்ஜெரால்டு. மிகுந்த தன்னம்பிக்கையுள்ள எழுத்தாளராலேயே இவ்வாறு காத்திருக்க முடியும்.

இரண்டாம் முறை அந்த விளக்கு வருவது ஐந்தாம் அத்தியாயத்தில். நிக்கின் உதவியால் கேட்ஸ்பியும் டெய்சியும் மீண்டும் சந்தித்துவிட்டார்கள், இருவரும் அவனுடைய மாளிகையின் சன்னலருகே நிற்கிறார்கள், வெளியே மழை. மூடுபனி மட்டும் இல்லையென்றால் எதிர்க்கரையில் உன் வீடு தெரியும், உங்கள் படகுத்துறையின் நுனியில் இரவு முழுவதும் ஒரு பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்குமே என்று கேட்ஸ்பி அவளிடம் சொல்கிறான். சொன்ன கணமே அவன் ஏதோ யோசனையில் ஆழ்ந்துவிடுகிறான். அவள் இப்போது அவன் கையோடு கை கோத்து நிற்கிறாள். அவளை அவனிடமிருந்து பிரித்து வைத்திருந்த பெருந்தொலைவோடு ஒப்பிடும்போது அந்த விளக்கு நிலவுக்கு அருகில் இருக்கும் விண்மீன்போல அவளுக்கு மிக நெருக்கமாகத் தோன்றியது; இனி அது வெறும் படகுத்துறை விளக்கு. அவனுடைய மாயம் நிறைந்த பொருட்களின் கணக்கில் ஒன்று குறைந்துவிட்டது என்று நிக் எழுதுகிறான். என் பார்வையில் முழு நாவலையும் திறக்கும் சாவி இந்த வாக்கியம்தான். விரும்பியது கைக்கு வந்த அதே கணத்தில் ஓர் இழப்பும் நிகழ்கிறது. பச்சை என்றால் நம்பிக்கை என்று எழுதி வைத்திருக்கும் அட்டவணையால் இந்த இழப்பைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் நம்பிக்கை நிறைவேறிய இடத்தில்தான் குறியீடு அணைகிறது.

இலட்சியக் காதல் என்று எதைச் சொல்கிறோம்? எல்லாக் காதலிலும் கொஞ்சம் மிகைப்படுத்தல் உண்டு. காதலிக்கப்படுபவரை அவர் உள்ளதைவிட உயர்வாகப் பார்ப்பது மனித இயல்பு. இலட்சியக் காதலில் நடப்பது அதற்கும் அப்பாற்பட்டது. அங்கே ஒருவர் மனத்தில் முழுமையான ஒரு வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. எதிரில் வரும் மனிதர் அந்த வடிவத்தை ஏற்றிவைப்பதற்கான இடமாகிறார். காலப்போக்கில் அந்த மனிதர் மாறுகிறார், மணக்கிறார், பிள்ளை பெறுகிறார், களைப்படைகிறார். வடிவமோ மாறுவதே இல்லை. இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஆண்டுதோறும் விரிந்துகொண்டே போகிறது. பிரிவு நீடிக்கும்வரை அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை.

கேட்ஸ்பியிடம் அந்த வடிவம் டெய்சிக்கு முன்பே இருந்தது என்பதை நாவல் தெளிவாகவே காட்டுகிறது. அவன் இயற்பெயர் ஜேம்ஸ் காட்ஸ். வடக்கு டகோட்டாவைச் சேர்ந்த, வாழ்வில் வெற்றி காணாத விவசாயப் பெற்றோரின் மகன். அவர்களைத் தன் பெற்றோராகவே அவன் கற்பனை ஒருபோதும் ஏற்றுக்கொள்ளவில்லை. பதினேழு வயதில், சுப்பீரியர் ஏரியில் டான் கோடி என்ற செல்வரின் படகு நங்கூரமிட்டதைக் கண்ட நாளில், தன் பெயரை ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். தன்னைப் பற்றித் தானே வடித்துக்கொண்ட ஒரு பிளேட்டோனிய எண்ணத்திலிருந்து பிறந்தவன் அவன் என்று நிக் சொல்லும்போது, கண்ணால் காணும் பொருட்களெல்லாம் மாசற்ற மூலவடிவங்களின் நிழல்களே என்ற பழைய கிரேக்கச் சிந்தனை அங்கே நினைவூட்டப்படுகிறது. முதலில் தன்னையே ஓர் இலட்சிய வடிவமாக ஆக்கிக்கொண்டவன், பின்னர் தான் காதலிக்கும் பெண்ணையும் அவ்வாறே ஆக்கிக்கொள்வதில் வியப்பில்லை.

1917-இல் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், போருக்குப் புறப்படக் காத்திருக்கும் இளம் இராணுவ அதிகாரியாக அவன் டெய்சியைச் சந்திக்கிறான். அவளுக்கு வயது 18. வெள்ளை உடை, வெள்ளைக் கார், ஓயாமல் ஒலிக்கும் தொலைபேசி. அவன் கையில் காசில்லை. இராணுவச் சீருடை அந்த வறுமையை மறைத்திருந்ததால்தான் அந்த வீட்டுக்குள் அவனால் நுழையவே முடிந்தது. அத்தனை அழகான ஒரு வீட்டை அவன் அதற்கு முன் கண்டதில்லை. ஏற்கெனவே பல ஆண்கள் அவளை விரும்பியிருந்தார்கள் என்பது அவன் கண்ணில் அவளது மதிப்பைக் கூட்டியது என்று எட்டாம் அத்தியாயம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அவனுடைய காதலில் வீடும் உடையும் வெள்ளிபோல் மின்னும் பாதுகாப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அவள் குரலில் நிறைந்திருப்பது பணம் என்று பின்னால் கேட்ஸ்பியே நிக்கிடம் சொல்கிறான். இதைக் கேட்டதும் அவன் பணத்துக்காகக் காதலித்தான் என்ற முடிவுக்கு அவசரமாக வந்துவிடக் கூடாது. சிறு வயது முதல் அவன் கனவு கண்ட ஒளிமிக்க வாழ்க்கை முழுவதும் ஒரு பெண்ணின் குரலாகத் திரண்டு அவனுக்குக் கேட்டது என்பதே சரியான வாசிப்பு.

ஆறாம் அத்தியாயத்தின் இறுதியில் அவர்களது முதல் முத்தம் விவரிக்கப்படுகிறது. ஓர் இலையுதிர்கால இரவு. நடைபாதை நிலவொளியில் வெண்மையாகக் கிடக்கிறது. அந்த நடைபாதைக் கற்கள் உண்மையில் ஓர் ஏணியாகி மரங்களுக்கு மேலே உள்ள ஒரு மறைவிடத்துக்கு ஏறிச்செல்வதுபோல் கேட்ஸ்பியின் ஓரக்கண்ணுக்குத் தெரிகிறது. தனியாக ஏறினால் அவனால் அங்கே போய்விட முடியும். சொல்லில் அடங்காத தன் கனவுகளை அழியக்கூடிய இந்தப் பெண்ணின் மூச்சோடு ஒருமுறை பிணைத்துவிட்டால், அதன்பின் தன் மனம் கடவுளின் மனத்தைப்போல் கட்டற்று விளையாட முடியாது என்பதை அவன் அறிந்தே இருக்கிறான், அதனால் ஒரு கணம் தயங்கி நிற்கிறான், பிறகு முத்தமிடுகிறான். முதல் முறை படிப்பவர்கள் இதை அலங்கார நடை என்று கடந்துவிடுவதுண்டு. நான் இதை நாவலின் மிகத் துல்லியமான பகுதியாகக் கருதுகிறேன். எல்லையற்ற ஒன்றை எல்லையுள்ள ஒருத்தியின் மீது ஏற்றிவைக்கும் செயல் இங்கே நம் கண்முன் நடக்கிறது, அதுவும் அவன் தெரிந்தே செய்யும் செயலாக.

அந்தச் சுமையை ஒரு விளக்கு தாங்கும். விளக்குக்கு நேற்று என்பதில்லை, மறுத்துச் சொல்ல வாயும் இல்லை. டெய்சிக்கு அவை உண்டு. ஐந்தாம் அத்தியாயத்தின் சந்திப்பில் கேட்ஸ்பி கணப்படுப்பின் மேல் மாடத்தில் சாய்ந்து நிற்க, அங்கிருக்கும் ஓடாத கடிகாரம் அவன் தலை பட்டுச் சரிகிறது. நடுங்கும் விரல்களால் அதைப் பிடித்து மீண்டும் நிறுத்துகிறான். கடிகாரம் விழவில்லை, ஆனாலும் அது தரையில் விழுந்து சுக்குநூறாகிவிட்டதாகவே தாங்கள் எல்லாரும் ஒரு கணம் நம்பியதாக நிக் எழுதுகிறான். நின்றுபோன கடிகாரத்தைக் கீழே விழாமல் காப்பாற்றத் துடிக்கும் கைகள், காலத்தை 1917-லேயே நிறுத்தி வைக்க விரும்பும் ஒருவனுடைய கைகள். இதைச் சொல்ல ஃபிட்ஸ்ஜெரால்டுக்குத் தத்துவ விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. கூச்சத்தில் தடுமாறும் ஒரு மனிதனும் ஒரு மாடமும் போதுமாக இருந்தன.

அன்று பிற்பகலிலேயே சில கணங்களில் டெய்சி அவனுடைய கனவுக்குக் குறைந்துபோயிருக்க வேண்டும் என்று நிக் ஊகிக்கிறான். அது அவள் குற்றமன்று, அவனுடைய மாயையின் பேருருவமே அதற்குக் காரணம் என்றும் சேர்த்துச் சொல்கிறான். ஏழாம் அத்தியாயத்தில் இதன் விளைவு வெளிப்படுகிறது. டெய்சியின் மூன்று வயது மகள் பாமி அறைக்குள் வரும்போது கேட்ஸ்பி அந்தக் குழந்தையை வியப்போடு பார்த்துக்கொண்டே இருக்கிறான். அப்படி ஒரு குழந்தை இருப்பதை அதுவரை அவன் உண்மையிலேயே நம்பியிருக்க மாட்டான் என்று நிக்குக்குத் தோன்றுகிறது. அதன்பின் நியூயார்க்கின் பிளாசா ஹோட்டல் அறையில், கடும் வெயில் நாளொன்றில், டாமை ஒருபோதும் காதலித்ததில்லை என்று டெய்சி சொல்ல வேண்டும் என கேட்ஸ்பி வற்புறுத்துகிறான். டாமை விட்டுவிட்டு வா என்று மட்டும் அவன் கேட்டிருந்தால் அவள் ஒருவேளை வந்திருக்கலாம். அவன் கேட்பதோ இறந்தகாலத்தை அழித்துவிடச் சொல்லும் கோரிக்கை. அவள் முயன்று பார்க்கிறாள். பிறகு உடைந்துபோய், நீ அளவுக்கு மீறிக் கேட்கிறாய் என்கிறாள். இப்போது உன்னைக் காதலிக்கிறேன், அது போதாதா என்கிறாள். ஒரு காலத்தில் டாமையும் காதலித்தேன், உன்னையும் காதலித்தேன் என்று உண்மையைச் சொல்கிறாள். ஓர் உயிருள்ள பெண்ணால் தரக்கூடிய நேர்மையான பதில் அது. உன்னையும் என்ற அந்தச் சொல்லைக் கேட்ஸ்பியால் தாங்கவே முடியவில்லை.

மனிதர்கள் பொருட்களின் மீது அர்த்தத்தை ஏற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நாவலுக்குள்ளேயே இன்னொரு சான்று உண்டு. வெஸ்ட் எக்குக்கும் நியூயார்க்குக்கும் நடுவில் சாம்பல் கொட்டப்படும் ஒரு பரந்த வெளி. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் அக்காலத்தில் இருந்த கொரோனா சாம்பல் மேடுகள் இதன் முன்மாதிரி. அங்கே டாக்டர் டி. ஜே. எக்கிள்பர்க் என்ற கண் மருத்துவரின் பழைய விளம்பரப் பலகை, முகமே இல்லாமல் இரண்டு மாபெரும் நீலக் கண்களும் ஒரு மஞ்சள் மூக்குக்கண்ணாடியுமாக நிற்கிறது. மருத்துவர் எப்போதோ போய்விட்டார். வெயிலிலும் மழையிலும் சாயம் வெளிறிப்போயிற்று. டாமின் கள்ளக்காதலியான மர்ட்டில், கேட்ஸ்பியின் காரில் அடிபட்டுச் சாகிறாள். காரை ஓட்டியவள் டெய்சி. மறுநாள் விடியற்காலையில் மர்ட்டிலின் கணவன் ஜார்ஜ் வில்சன் அந்தக் கண்களைப் பார்த்தபடியே, கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்கிறான். உடனிருக்கும் மைக்கேலிஸ், அது ஒரு விளம்பரம் என்று சொல்கிறான்.

அந்தக் கண்கள் கடவுளைக் குறிக்கின்றன என்று பல கையேடுகள் எழுதிவிடுகின்றன. நாவல் அப்படிச் சொல்லவில்லை. துயரத்தில் மூழ்கிய ஒருவன் அவற்றைக் கடவுளாகப் பார்க்கிறான், பக்கத்தில் இருப்பவன் விளம்பரமாகப் பார்க்கிறான், இரண்டு பார்வைகளையும் அருகருகே வைத்துவிட்டு நாவல் விலகி நிற்கிறது. குறியீட்டின் பொருள் பார்ப்பவரிடமிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. வில்சன் அந்த நம்பிக்கையோடு புறப்பட்டுச் சென்று, தவறான மனிதனைக் குற்றவாளியென்று எண்ணி, நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டிருந்த கேட்ஸ்பியைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் சாகிறான். ஒரு பலகையில் கடவுளைக் கண்டவனும் ஒரு விளக்கில் தன் வாழ்வைக் கண்டவனும் ஒரே தோட்டத்தில் உயிரிழக்கிறார்கள்.

பச்சை விளக்கு மூன்றாம் முறையாக வருவது கடைசிப் பக்கத்தில். இப்போது நிக் அதை விரிவாக்குகிறான். லாங் ஐலண்டின் கரையை முதன்முதலில் கண்ட டச்சு மாலுமிகளுக்கு அந்தப் புதிய நிலம் பசுமையாக விரிந்து என்ன வியப்பைத் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறான். டெய்சியின் விளக்கைக் கண்டபோது கேட்ஸ்பி அடைந்த வியப்பை அதோடு இணைக்கிறான். ஒருவனின் காதல் இங்கே ஒரு நாட்டின் கனவாகிவிடுகிறது. இந்த முடிவை வைத்தே நாவலை ‘அமெரிக்கக் கனவு’ பற்றிய நூலாகப் பலரும் கற்பிக்கிறார்கள். அந்த வாசிப்பு சரியானதே. ஆனால் எட்டு அத்தியாயங்களில் ஒரு மனிதனின் நடுங்கும் கைகளைப் பார்த்த பிறகுதான் அதற்கு வலிமை வருகிறது. நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவுபவருக்கு அது ஒரு சொற்பொழிவாகவே தோன்றும்.

ஆசிரியரின் வாழ்க்கையிலும் இதற்கான வேர்கள் உண்டு. ஃபிட்ஸ்ஜெரால்டும் இராணுவ அதிகாரியாக இருந்தபோது, 1918-இல் அலபாமாவின் மான்ட்கமரி நகரில் செல்டா சேயரைச் சந்தித்தார். அவரது வருமானம் போதாதென்ற நிலையில் திருமண நிச்சயம் முறிந்தது. 1920-இல் முதல் நாவல் வெளியான பிறகே திருமணம் நடந்தது. கேட்ஸ்பியை எழுதியபோது அவருக்கு வயது இருபத்தேழு, இருபத்தெட்டுதான். நூல் வெளிவந்த காலத்தில் விற்பனை அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 1940-இல் 44 வயதில் அவர் இறந்தபோது அது ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட சிறு பதிப்புகள் வழியாகவும், பின்னர் கல்லூரிப் பாடங்கள் வழியாகவும் அது மீண்டும் எழுந்தது.

டெய்சியை மேலோட்டமானவள், கோழை என்று தீர்ப்பளித்துவிட்டு நாவலை மூடுவோர் மிகுதி. அவள் மீது குற்றம் இல்லாமலும் இல்லை: மர்ட்டிலின் சாவுக்கான பழியை கேட்ஸ்பி ஏற்க விடுகிறாள்; அவனுடைய இறுதிச் சடங்குக்கு ஒரு செய்தியோ பூவோ அவளிடமிருந்து வரவில்லை. ஆனால் நாம் அவளைப் பற்றி அறிவதெல்லாம் பிறர் வாய்மொழி. நிக்கும் நடுநிலையாளன் அல்லன். கேட்ஸ்பியிடம் இருந்த நம்பும் ஆற்றலைப் போல வேறு யாரிடமும் கண்டதில்லை என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லும் அவன், கேட்ஸ்பி டெய்சியை உயர்த்தி வைத்ததுபோலவே கேட்ஸ்பியை உயர்த்தி வைக்கிறான். இலட்சியப்படுத்துதல் கதைக்குள் மட்டுமன்றி, கதை சொல்லப்படும் முறையிலும் நடக்கிறது.

ஆகவே இரண்டாம் வாசிப்பில் நான்காம் அத்தியாயத்தில் டெய்சியின் தோழி ஜோர்டன் பேக்கர் சொல்லும் பகுதியை நிதானமாகப் படிப்பது நல்லது. 1919 ஜூன், டெய்சியின் திருமணத்துக்கு முந்தைய நாள். டாம் அளித்த 3,50,000 டாலர் முத்துமாலையைக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்து, உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், டெய்சி மனம் மாறிவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள் என்கிறாள் டெய்சி. குடித்திருக்கிறாள், அழுதுகொண்டே இருக்கிறாள், ஒரு கையில் ஒரு கடிதம். யார் எழுதியது என்று ஜோர்டன் சொல்வதில்லை. குளிர்ந்த நீர்த்தொட்டியில் அவளை இறக்கியபோதும் கடிதத்தை விடவில்லை. அது ஈரத்தில் பனித்துகள்போல் பிய்ந்து போவதைக் கண்ட பிறகே சோப்புத் தட்டில் வைக்க விடுகிறாள். அரை மணி நேரத்தில் முத்துமாலை கழுத்தில் ஏறிவிடுகிறது. மறுநாள் ஐந்து மணிக்குத் திருமணம். யாருடைய கனவும் ஏற்றிவைக்கப்படாத டெய்சியை நாவல் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரே பக்கத்தில்தான், கேட்ஸ்பி அதைப் பார்க்கவே இல்லை.